‘பார்மெட் செய்யவா?’ என்று கேட்கும் டிஸ்க்குகள்

எங்கள் தொழிலில் முதலில் பழக்க வேண்டியது முகத்தை. திருப்புளி பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஹார்ட் டிஸ்க்கைச் செருகிவிட்டு நான் திரையைப் பார்ப்பேன். வந்தவர் என் முகத்தைப் பார்ப்பார். புருவம் லேசாகச் சுருங்கினாலும் போதும், "போச்சா?" என்று கேட்டுவிடுவார்.

கோலசிலாங்கூரில் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது என் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "முதலாளி இல்லையா?" என்று கேட்பவர்கள் இன்னமும் உண்டு. லேப்டாப், பிரிண்டர் எல்லாம் வரும். ஆனால் மனசைக் கெடுப்பது உள்ளங்கை அளவுக்கு இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான். படம், வீடியோ என்று எல்லாவற்றையும் அதில் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஒரு நாள் எடுத்துச் செருகினால் கம்ப்யூட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பிடுங்கி, ஊதி, தட்டி, சாமி கும்பிட்டு மறுபடியும் செருகியவர்கள்தானே நாம் எல்லோரும்? அதனால் உங்களிடம் சொல்லலாம்.

கேபிள்தான் கெட்டது

ஜெராமிலிருந்து மீன் லோரி ஓட்டும் ஒருவர் வந்தார். டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வேறொரு கடையில் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டார்களாம். "ஒரு தடவை நீங்களும் பாத்துச் சொல்லிருங்கம்மா" என்றார். கேபிளின் முனையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உப்புக் காற்றில் பச்சை பிடித்திருந்தது. வேறு கேபிள் போட்டேன், நீல விளக்கு எரிந்தது, திறந்துகொண்டது. இந்தத் தொழிலில் இப்படி ஒரு நிமிஷம் கிடைப்பதே அபூர்வம். சிரித்துக்கொண்டே திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

எல்லாம் ஒரு பெண்ணின் படங்கள். பள்ளிச் சீருடையில், பட்டமளிப்பு அங்கியில், லோரிப் படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி. "மகளா?" என்றேன். தலையாட்டினார். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மெல்பர்ன் போனவளாம். அப்பா அன்றைக்குச் சொன்ன ஏதோ ஒரு வார்த்தைக்காகப் பேச்சை நிறுத்தியவள், நம்பரையும் மாற்றிவிட்டாளாம். லோரிப் படம் வந்ததும் அவர் கையை நீட்டித் திரையை மறைத்துக்கொண்டார்.

"மூடிருங்கம்மா. செத்துப்போச்சுன்னு அந்தக் கடைக்காரன் சொன்னப்போ, மனசு ஒரு வழியா பழகியிருந்துச்சுலா."

எஸ் என்று அழுத்தியவர்

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். சனங்கள் ஆளுக்கொரு பக்கம் போகும் முன்பு, கடைசித் தீமிதித் திருவிழாவை எல்லோரும் தங்கள் தங்கள் போனில் எடுத்து, அத்தனையையும் ஒரே டிஸ்க்கில் சேர்த்துக் கோயில் தலைவரிடம் கொடுத்தார்கள். தலைவர் முன்பு அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். பொறுப்பான மனிதர். டிஸ்க்கைச் சாமி மாடத்திலேயே வைத்திருந்தாராம்.

லயம் இடிந்து, கோயிலும் பெயர்ந்து, எல்லோரும் பிரிந்த பிறகு, வீடியோவைப் பார்க்க ஆசைப்பட்டு மகன் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறார். பயன்படுத்துவதற்கு முன் பார்மெட் செய்ய வேண்டும், செய்யவா என்று அது கேட்டிருக்கிறது. இவர் சரி என்பதற்கான 'எஸ்' பொத்தானை அழுத்திவிட்டார். அப்படிச் செய்தால் உள்ளே போகும் வழியே அழிந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே தெரியும்? நான் ஒரு மென்பொருளை ஓடவிட்டுத் தேடினேன். வீடியோ எதுவும் ஓடவில்லை. படங்கள் நிறைய வந்தன, பெயரில்லாமல், வரிசையில்லாமல். பூக்குழியில் இறங்கும் காலுக்கு அடுத்து யாரோ ஒருவரின் கல்யாணச் சாப்பாடு, அதற்கடுத்து பாதிக்கு மேல் சாம்பல் நிறமாகிப்போன ஒரு முகம். அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரென்று தெரியவில்லை என்றார். "ஏன் ஐயா எஸ் அழுத்துனீங்க?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"தோட்டத்துல கேட்ட கேள்விக்கெல்லாம் எஸ்னு சொல்லியே பழகிட்டோம்மா, கை தானா போயிருச்சு."

பூட்டு

தஞ்சோங் காராங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். கொஞ்ச காலம் கழித்து அவர் மனைவி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். கணவர் மேசை டிராயரில் ஒரு டிஸ்க் இருந்ததாம். அது கெட்டுப்போகவில்லை. கடவுச்சொல் கேட்டது, அவ்வளவுதான்.

அந்த அக்கா ஒவ்வொன்றாகச் சொல்ல நான் தட்டினேன். பிள்ளைகளின் பெயர்கள், கடைப் பெயர், கார் நம்பர், கல்யாணத் தேதி. தன் பெயரைக் கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதுவும் இல்லை. இந்த மாதிரிப் பூட்டை என்னால் மட்டுமல்ல, தலைநகர் கே.எல்.லுக்குக் கொண்டுபோனாலும் யாராலும் உடைக்க முடியாது என்று சொன்னேன். கோபப்படுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. டிஸ்க்கைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"அவுக உசுரோட இருக்கும்போதும் இப்படித்தான் தங்கச்சி, கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாக."

பிரீசரில் வைத்த கல்யாணம்

சபாக்கில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். ஒரு கல்யாணத்தை ஏற்றி வைத்திருந்த டிஸ்க் மேசையிலிருந்து விழுந்து, செருகினால் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதாம். அந்தச் சத்தம் கேட்டால் உடனே கரண்டை நிறுத்த வேண்டும். உள்ளே எழுதுகிற, படிக்கிற முனை தட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும். "செருகவே செருகாதீங்க, அப்படியே கொண்டு வாங்க" என்றேன். தம்பி இணையத்தில் எதையோ பார்த்து, டிஸ்க்கைப் பிரீசரில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுபடி செருகிப் பார்த்திருக்கிறார். என்னிடம் வரும்போது அது சத்தம் போடுவதையும் நிறுத்தியிருந்தது. கே.எல்.லில் பிரித்துப் பார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன். தட்டு முழுக்கக் கீறல், எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கல்யாணப் பெண்ணிடம் தனியாகச் சொல்லப் பயந்து, தம்பி அவளை என் கடைக்கே வரச் சொல்லியிருந்தார். நான் நடந்ததை விளக்கினேன். அவள் எல்லாவற்றையும் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். தம்பிக்குத்தான் தாங்கவில்லை. "சிஸ்டர், அதே சேலை கட்டிட்டு மாப்பிள்ளை அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. அதே கோயில்ல காசு வாங்காம திரும்ப எடுத்துத் தரேன்" என்றார். அவள் வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"வேணாம் பிரதர். அவர் அவங்கம்மா வீட்டுக்குப் போயி மாசக் கணக்காச்சு."

வெங்காயம்

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். உலு யாமிலிருந்து ஓர் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தவள் திரும்பவில்லை. அவள் போனும் உடைந்துபோயிருந்தது. போனிலிருந்ததையெல்லாம் முன்பே ஒரு டிஸ்க்கில் ஏற்றி வைத்திருந்தாளாம். அதைக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. "படம் வீட்டுல மாட்டியிருக்கேன் தங்கச்சி. குரல்தான் இல்ல. பேசுற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு இருந்தா போதும்" என்றார்.

டிஸ்க் உயிரோடுதான் இருந்தது, ஆனால் அங்கங்கே செத்திருந்தது. இப்படிப்பட்டதை அவசரப்படுத்தக் கூடாது. நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்து, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் போக வேண்டும். விட்டுவிட்டுப் பல நாள் ஓடவிட்டேன். கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வந்தன. திறந்தால் உள்ளே வெறுமை. ஒரே ஒரு வீடியோ மட்டும் கொஞ்சம் ஓடியது. அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேலைக்குப் போகாமல் வந்துவிட்டார்.

மகள் போனைப் பிடித்தபடி அடுக்களைக்குள் வருகிறாள். அம்மாவின் முதுகு தெரிகிறது, அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. அம்மா திரும்பாமலே திட்டுகிறார். "எந்நேரமும் போனு, போனு. இங்க வந்து இந்த வெங்காயத்த உரிச்சுக் குடேன்." படம் லேசாக ஆடுகிறது. சிரிக்கிறாளா, மூச்சு விடுகிறாளா என்று தெரியவில்லை. அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் இல்லை. மறுபடியும் போடச் சொன்னார். போட்டேன். ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார். இன்னொரு தடவை போட்டேன். தன் குரலையே உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அந்த வீடியோவை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசல் வரை போனவர், நின்று திரும்பினார்.

"அதுக்கு அவ என்ன பதில் சொன்னான்னு எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது தங்கச்சி."

கம்ப்யூட்டர் திறக்க மறுப்பதை என்னிடம் கொண்டு வாருங்கள், முடிந்தவரை திறந்து தருகிறேன். திறந்த பிறகு அதை என்ன செய்வது என்று சொல்லித்தர மட்டும் இந்த வட்டாரத்தில் இன்னும் யாரும் கடை போடவில்லை.