பதினோராவது முனை

என் அக்காவைக் கட்டிய ஆர்வில் டெஸ்மர் யாரையும் நம்பாத மனிதர். கடையில் வாங்கிய வெண்ணெயை வீட்டுத் தராசில் வைத்துப் பார்ப்பார். சர்ச் விருந்தில் பரிசுச் சீட்டு குலுக்கினால் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இவரைத்தான், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குக் கோடியில் இருக்கும் எங்கள் ஊர் மான் கொம்பு அளக்கப் பிடித்துப் போட்டது. சரியான ஆள்தான் என்பேன். கொம்பு என்று வந்துவிட்டால் பாதிரியாரே பொய் சொல்லும் ஊர் இது.

ஈரக் கொம்பு காயும்போது நடுவில் கட்டையைச் செருகி அகலப்படுத்துகிறவன் உண்டு. ஒடிந்த முனையைப் பசை வைத்து ஒட்டி, காப்பித் தண்ணீரால் நிறமேற்றுகிறவன் உண்டு. ஆர்வில் டார்ச் அடித்துப் பார்ப்பார், நகத்தால் சுரண்டுவார், மோந்தும் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லும் எண்களை எழுதுவது நான். என்னையும் நம்பமாட்டார். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்வார்.

ஊர் மதுக்கடைச் சுவரில் அளவு வரிசைப்படி மாட்டிய எல்லாக் கொம்புகளுக்கும் மேலே தொங்கியது அவருடையதுதான். வாலிபத்தில் அவர் சுட்டது, வேறொருவர் அளந்தது. அதை மிஞ்சி எதுவும் வரவில்லை. வராததில் டேப் பிடிக்கிறவருக்கும் பங்கு இருக்குமோ என்று ஊர் வாய்க்குள் பேசிக்கொண்டது. எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு.

மைலோ லிண்ட்கிரன் இறந்த வருடம், அவன் மனைவி ஆர்டிஸ் ஒரு கொம்பைப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தாள். மைலோ அதை உயிரோடு இருந்தவரை அளக்கக் கொடுக்கவில்லை. இரவில் விளக்கடித்துத் திருட்டுத்தனமாகச் சுட்டது, அதனால்தான் ஒளிக்கிறான் என்று ஊர் சொன்னது.

"வேட்டை அனுமதிச் சீட்டு அதுலயே கட்டியிருக்கு, பாத்துக்கோ. ஆர்வில் கையில குடுத்தா கழிச்சுக் கழிச்சே தேச்சுடுவான்னு அவரு தரல. அவ்வளவுதான்," என்றாள். "அவரு திருடன் இல்லைன்னு அந்தச் சுவத்துல ஊரே பாக்கணும்."

ஆர்வில் வேட்டைச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மண்டையைத் தட்டினார், மோந்தார். பிறகு நீளம், அகலம், சுற்றளவு, ஒவ்வொரு முனையாக அளந்துகொண்டே வந்தார். பத்து முனை ஆயிற்று, வலது கொம்பின் அடியில் ஒரு முண்டு மட்டும் மிச்சம். ஆர்டிஸ் கல்யாண மோதிரத்தைக் கழற்றி அதில் மாட்டினாள். மோதிரம் நின்றது.

"பதினொண்ணு," என்றாள் பெருமையாக. மோதிரம் நின்றால் முனை என்பது அந்தக் காலத்துக் கணக்கு. மதுக்கடையில் பீற்றிக்கொள்ள அது போதும். எங்கள் கணக்கில் முனை என்றால் ஒரு அங்குலமாவது, அதாவது எட்டு நூலாவது, இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பதால், மறுபக்கம் ஜோடி இல்லாமல் முளைத்த முனையின் நீளத்தை மொத்தத்திலிருந்து கழித்துவிடுவோம்.

நான் கூட்டிப் பார்த்தேன். முண்டு முனையில்லை என்றால் மைலோவின் கொம்பு அரை அங்குலத்தில் ஆர்விலுடையதை ஜெயிக்கும். முனை என்றால் ஒரு அங்குலம் போய்விடும், ஆர்வில் மேலேயே இருப்பார். டேப்பை அவர் இழுத்த இழுப்பை விட்டு என் கண் நகரவில்லை. அக்கா புருஷன்தான், ஆனாலும் அன்று நான் அவரை நம்பவில்லை.

திரும்பத் திரும்ப அளந்தார். "ஏழு நூல்தான். ஒரு நூல் குறையுது. இது முனை இல்ல. பத்துன்னு எழுது."

ஆர்டிஸின் முகம் சிவந்துவிட்டது. "மோதிரம் நிக்குது. கண்ணு தெரியலையா உனக்கு?"

"முனைன்னு எழுதினா மைலோவுக்குத்தான் நஷ்டம், ஆர்டிஸ். கழிக்கணும். விட்டுட்டா அவன் கொம்புதான் மேல."

"ஒண்ணு கூட இருந்தா குறையுமா? எந்த ஊர்க் கணக்குய்யா இது? நான் பச்சப்புள்ளையா?"

"அத்தான் சொல்றது நெசம், ஆர்டிஸ்," என்றேன் நான். "அவரு கொம்புதான் கீழ போகுது."

"நீ அவரு மச்சினன். வேற என்னத்தச் சொல்லுவ?" மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டாள். "எம் புருஷன் சொன்னது சரியாப் போச்சு. பத்துன்னு எழுதின காகிதத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

உடையவர் கையெழுத்து இல்லாமல் எந்த அளவும் செல்லாது. அவள் கொம்பைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மைலோ திருடனாகவே நின்றான்.

ஆர்வில் வெகுநேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "பதினொண்ணுன்னு சொல்லியிருந்தா சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டிருப்பா, மச்சான்," என்றார். "நானும் மேலயே இருந்திருப்பேன்." எனக்கு அழுகை வந்தது. அவர் கையைத்தான் அவ்வளவு நேரமும் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் ஏணி போட்டு ஏறித் தன் கொம்பை இறக்கி வீட்டுக்கு எடுத்துப் போனார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மதுக்கடையில் எல்லோரும் சுவரின் உச்சியில் காலியான இடத்தைப் பார்த்தார்கள்.

"செஞ்சது உள்ளுக்குள்ள உறுத்துது போல," என்றான் ஒருவன். ஆர்டிஸும் அதையேதான் சொன்னாளாம்.