அண்ணா எடுத்த பிரதிகள்

ரொறன்ரோவின் பார்க்டேலில் நாங்கள் இருந்த பழைய அப்பார்ட்மென்ரில் ஜன்னலுக்குக் கீழே ஓர் இரும்பு ஹீற்றர் இருந்தது. குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் மச்சாள் வெளியே போய்வந்த பிறகு அதன்மேல் ஈரமான தாள்களை வரிசையாக விரித்துவிடுவார். எல்லாம் பென்சிலால் எழுதியவை. அந்தக் குளிரில் பேனை மை ஓடாது என்பார். பனி உருகி நனைந்த தாள்கள் சூட்டில் சுருண்டு எழும்பும். வீடு முழுக்க மரப்பட்டையும் ஈரக் கம்பளியும் சேர்ந்த ஒரு வாசம் அடிக்கும். அண்ணாவின் சப்பாத்துகளுக்குள் இரண்டு சோடி காலுறைகளைத் திணித்துக்கொண்டு நடந்துபோனவர், மூக்கு சிவந்து, உதடு வெடித்து, ஆனால் ஏதோ கலியாண வீட்டுக்குப் போய்வந்தவர்போல முகம் மலர்ந்து வந்து நிற்பார். தாள்கள் காய்ந்ததும் கணினிக்கு முன்னால் இருந்து எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். என்ன எண்கள் என்று நான் கேட்டதில்லை. அவருடைய படிப்புக்கு வேண்டியவை என்ற அளவில் எனக்கு அது போதுமாயிருந்தது.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் தாவரவியல் படிப்பித்தவர். ரொறன்ரோவுக்கு வந்தபின் காலையில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்துகொண்டு, மீதி நேரத்தில் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்குப் படித்தார். அதிகம் கதைக்கமாட்டார். கோபம் வந்தால் கோப்பைகளைக் கழுவத் தொடங்குவார், கழுவியவற்றையே திரும்பவும் கழுவுவார். அதை வைத்துத்தான் நாங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

அண்ணா அதற்கு நேர் எதிர். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் கதவடியிலேயே பிடித்து வைத்துக் கதைப்பார். மின்சாதனங்கள் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஆனால் அவருடைய உயிர் கணினியில் இருந்தது. தெரிந்தவர்கள் வீட்டுக் கணினி பழுதென்றால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அப்பா இறந்த பிறகு என்னை வளர்த்ததும், இங்கே கூப்பிட்டு எடுத்ததும், முதல் வேலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். ஆகவே நான் எப்போதும் அண்ணாவின் பக்கம். பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாத அளவுக்கு அண்ணாவின் பக்கம்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் நாங்கள் மூவரும் மல்வேர்ன் பகுதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு ரவுன்ஹவுஸுக்கு மாறினோம். அந்த நாள்களில் ஒரு வீட்டில் ஒரு கணினி இருப்பதே பெரிய விஷயம். எங்கள் வீட்டில் இரண்டு. மேலே விறாந்தை அறையில் ஒன்று, நாங்கள் எல்லோரும் பாவிப்பது. மற்றது நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ரில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில். பலரும் கழித்துவிட்ட பாகங்களைச் சேர்த்து அண்ணாவே பொருத்தியது. தரையில் ஓட்டை போட்டு இரண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கம்பியை இழுத்திருந்தார். கீழே இருந்த பெட்டியின் வேலை ஒன்றுதான்: மேலே இருப்பவை எல்லாவற்றின் பிரதியையும் வாராவாரம் வாங்கிச் சேமித்து வைப்பது. வருகிறவர்களைக் கீழே கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டுவார். "வீடு எரிஞ்சாலும் பரவாயில்லை" என்பார் ஒவ்வொருவரிடமும். எரிகிற வீட்டுக்குள்தானே கீழ்ப் பெட்டியும் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மச்சாளின் காய்ந்த தாள்கள் ஒரு பெட்டி நிறைய எங்களுடன் மல்வேர்னுக்கு வந்திருந்தன. பேஸ்மென்ரின் ஈரத்தில் அவை பூஞ்சணம் பிடித்து மணக்கத் தொடங்கின. பழைய கடதாசி எடுக்க வாகனம் வருகிற ஒரு நாள் காலை, அண்ணா பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உது எல்லாம் கொம்பியூட்டரில ரெண்டு இடத்தில கிடக்கு. மேலயும் கிடக்கு, கீழயும் கிடக்கு. இந்த ஊத்தைப் பேப்பரை ஏன் வச்சிருப்பான்?"

மச்சாள் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பி வைத்தார்.

"நல்லாத் தெரியுமோ?"

"நான் சொல்லுறன்தானே."

மச்சாள் வேலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அன்று கடதாசிப் பெட்டியை வீதியோரம் கொண்டுபோய் வைக்க அண்ணாவுக்கு ஒரு கை கொடுத்தவள் நான்.

அடுத்த இளவேனிலில் ஒரு சனிக்கிழமை காலை மேலிருந்த கணினி எழும்ப மறுத்தது. உள்ளேயிருந்து நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல ஒரு சத்தம், சற்று இடைவெளி, மறுபடியும் அதே சத்தம். சேமிப்புத் தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், செத்துப்போய்விட்டது என்று அண்ணா காதை வைத்துக் கேட்டதுமே சொல்லிவிட்டார். அவருடைய முகத்தில் கவலையே இல்லை. உண்மையில் கொஞ்சம் சந்தோசம்கூட இருந்தது. இத்தனை நாளும் செய்துவைத்த ஏற்பாட்டின் அருமையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வாய்த்துவிட்டதே. மத்தியானத்துக்குள் புதுத் தட்டு வாங்கிவந்து பூட்டினார். "ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்க எல்லாம் திரும்பி வந்திடும்" என்று மச்சாளிடம் சொன்னார்.

பிரதி பாதி வழியில் நின்றது. கோப்பு பழுதாகியிருக்கிறது என்று திரையில் ஒரு வரி. அண்ணா சிரித்துக்கொண்டு முந்திய வாரத்துப் பிரதியை எடுத்தார். அதுவும் நின்றது. அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று போகப் போக அவர் கதைப்பது குறைந்துகொண்டு வந்தது. ஒரு கட்டத்தில் முழுக்க நின்றுபோனது. அண்ணா கதைக்காமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு பழுது எங்கே என்று தேடத் தொடங்கினார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், அவர் கெட்டிக்காரர்தான். நல்ல கோப்பு ஒன்றைக் கம்பி வழியாகக் கீழே அனுப்பி, திரும்ப மேலே எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகள் மாறியிருந்தன. கம்பியை மாற்றினார், அப்படியேதான் இருந்தது. கம்பி செருகும் அட்டையை மாற்றினார், அப்படியேதான். கடைசியில் கீழ்ப் பெட்டியைத் திறந்து மெமரித் துண்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு அனுப்பினார். இந்தமுறை இரண்டும் ஒன்றாக இருந்தன. யாரோ கழித்துவிட்ட அந்தத் துண்டு, தன் வழியாகப் போன எல்லாவற்றிலும் ஒரு சொட்டு நஞ்சைக் கலந்து தட்டில் எழுதி வைத்திருக்கிறது. பிழை என்று ஒருநாளும் சொல்லவில்லை. பிரதிகள் ஒவ்வொன்றும் இறுக்கிக் கட்டிய மூட்டைகள் என்பதால், ஓரிடத்தில் எழுத்து மாறினால் அதற்குப் பின்னால் உள்ளது எதையும் அவிழ்க்க முடியாது.

முன்னால் உள்ளதை மட்டும் எடுக்கலாம். அண்ணா எடுத்தார். மூட்டைக்குள் அவரவர் கோப்புகள் பெயரின் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. அண்ணாவின் பெயர் முதலாவது. அவர் சேர்த்துவைத்த பாட்டுகள், கோயில் விழாவுக்கு அடித்த அழைப்பிதழ்கள், சீட்டு விளையாட்டு, எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. என்னுடையவையும் ஓரளவு வந்தன. மச்சாளின் பெயர் கடைசி.

மச்சாள் படிக்கட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ எழுதி வைச்சதை ஒருநாளெண்டாலும் திறந்து பாத்தனீங்களோ?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்பிய ஒருவர் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

அண்ணா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பிரதி எழுதி முடிந்ததும் அதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்க அந்த மென்பொருளில் ஒரு வசதி இருந்ததாம். அதற்கு இன்னொரு மடங்கு நேரம் எடுத்ததால் அதை நிறுத்தி வைத்திருந்தாராம். மச்சாள் எழுந்து மேலே போனார். குசினியில் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை இலேசாக நினைக்க முடியவில்லை. அண்ணா உடைந்துபோனார். சாப்பாட்டைக் குறைத்தார், தாடி வளர்த்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் கதவடியிலேயே தொடங்கிவிடுவார். "என்ர மனுசியின்ர படிப்பை நான்தான் நாசமாக்கினனான்" என்பார். கோயிலில் சொன்னார், பிறந்தநாள் விழாக்களில் சொன்னார், பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அறிமுகமான ஒருவரிடமும் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கும். கேட்டவர்கள் எல்லோரும் அவர் தோளில் கை வைத்தார்கள். "நீர் வேணுமெண்டே செய்தனீர்? மெசின் செய்ததுக்கு நீர் என்ன செய்யிறது?" என்றார்கள். பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர் அவருக்கென்று ஒடியல் கூழ் காய்ச்சிக்கொண்டு வந்தார். நானும் தேற்றினேன். வேலையிலிருந்து வந்ததும் முதலில் அண்ணா சாப்பிட்டாரா என்றுதான் கேட்பேன். மச்சாளிடம்தான் கேட்பேன். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும், அண்ணாவைத் தேற்றிவிட்டுப் போனவர்களின் கோப்பைகளைக் கழுவியதும் மச்சாள்தான்.

கோடை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்படி வந்த ஒரு குடும்பம் புறப்பட்டுப் போனது. அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் வந்து, "என்னை மன்னிச்சிடும்" என்றார். அந்தச் சொல்லை அவர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாள் கையிலிருந்த கோப்பையைக் கழுவாமலே கீழே வைத்தார்.

"உங்கட கவலையையும் நான்தான் பாக்கவேணுமோ?" என்றார். "போனது என்ர. அழுறது நீங்கள். வாற சனம் எல்லாம் உங்களைத்தான் தேற்றுது. நான் எங்க போய் அழ? இனிமேல் இதைப் பற்றி ஒருதரிட்டயும் கதைக்காதேங்கோ. என்னட்டயும் கேக்காதேங்கோ. மன்னிப்பு எண்ட சொல்லு இந்த வீட்டில இனி வேண்டாம்."

அண்ணா வெளியே போனார். மச்சாள் என் பக்கம் திரும்பினார்.

"நீரும் ஒருநாள் கேக்கேல்லை," என்றார்.

"என்னத்தை, மச்சாள்?"

"என்ன போனதெண்டு."

அவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும், அவர் எதை அளந்தார், எதற்காக அளந்தார் என்று எனக்குத் தெரியாது. அப்போதுதான் கேட்டேன். பதில் சொல்வதற்குப் பதிலாக அவர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, "வாரும்" என்றார்.

பஸ்ஸில் போய் இறங்கிப் பெருந்தெருவின் ஓரமாக நடந்தோம். லொறிகளின் இரைச்சலில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. மச்சாள் ஒரு மேப்பிள் மரத்தின் பட்டையைத் தடவிக் காட்டினார். வெறும் கறுத்த பட்டை. பிறகு சரிவில் இறங்கி, ஓடை பக்கமாக உள்ளே உள்ளே நடந்தோம். இரைச்சல் குறையக் குறைய மரங்களின் உடம்பில் சாம்பலும் பச்சையும் கலந்த தேமல்போல ஏதோ படர்ந்து வந்தது. அதற்கு இலைக்கன் என்று பெயர். காற்றில் புகை இருந்தால் அது வளராது. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு வளர்கிறது என்று ஒவ்வொரு மரமாக, குளிர்காலத்துக்குக் குளிர்காலம் அளந்து, நகரத்தின் காற்று எவ்விடத்தில் மூச்சுவிடத் தக்கதாக மாறுகிறது என்று அவர் ஒரு கோடு கீறிக்கொண்டிருந்திருக்கிறார். அளந்த மரங்களில் ஒரு பகுதி இப்போது இல்லை. பெருந்தெருவை அகலமாக்க வெட்டிவிட்டார்கள். அந்த எண்களை இனி யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மச்சாள் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து அழுதார். அந்த வீட்டிலிருந்த தேறுதல் சொற்கள் எல்லாவற்றையும் நான் அண்ணாவுக்குக் கொடுத்து முடித்திருந்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்திருந்த என் கை, கடதாசிப் பெட்டியைத் தூக்க உதவிய அதே கை என்ற நினைவு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னையும் அவரே தேற்றவேண்டி வந்திருக்கும்.

மச்சாள் பேராசிரியரிடம் போய்க் கதைத்தார். மிஞ்சிய மரங்களை மட்டும் வைத்து, நினைத்திருந்ததைவிடச் சிறிய ஓர் ஆய்வைச் செய்யப் பேராசிரியர் சம்மதித்தார். அடுத்து வந்த குளிர்காலங்களில் மச்சாள் மறுபடியும் பென்சிலும் தாளுமாகப் போனார். அண்ணா துணைக்கு வரக் கேட்டபோது வேண்டாம் என்றார். நான் கேட்டபோது சில நாள்கள் கூட்டிக்கொண்டு போனார். எண்களைப் பல்கலைக்கழகக் கணினியில்தான் தட்டினார். பட்டம் கிடைத்தது. நகரசபையின் மரப் பராமரிப்புப் பிரிவில் வேலையும் கிடைத்தது. ஆனால் அவர் கீற நினைத்த அந்தக் கோடு பாதியில் நின்றது நின்றதுதான். பட்டமளிப்பன்று வீட்டுக்கு வந்த ஒருவர் அண்ணாவின் கையைக் குலுக்கி, "உம்மட ஆதரவு இல்லாட்டி நடந்திருக்குமோ?" என்றார். அண்ணாவின் வாய் வழக்கம்போல ஏதோ சொல்லத் திறந்தது. குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "அவ தனியத்தான் செய்தவ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்த வீட்டில் அவர்கள் இருவரும்தான் இன்றும் இருக்கிறார்கள். நான் கலியாணம் முடித்து வேறு இடம் வந்துவிட்டேன். அண்ணா ஓய்வு பெற்றுவிட்டார், முன்னைப்போலக் கதைப்பதில்லை. போன மாதம் தொலைபேசியில் எடுத்தார். சுகம் விசாரித்தார், காலநிலையைப் பற்றிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன்னட்ட ஒண்டு கேக்கட்டோ?" என்றார்.

"கேளுங்கோ, அண்ணா."

"மச்சாள் என்னை மன்னிச்சிட்டாவோ?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. பின்னால் குசினியில் மச்சாள் நடமாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பக்கத்திலதானே நிக்கிறா," என்றேன். "அவவிட்டயே கேளுங்கோவன்."

அண்ணா குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"கேக்கக்கூடாதெண்டு சொன்னவ," என்றார்.