தேவயானி மகாலின் பின்கதவு

எங்கள் ஆபீசில் முருகையன் சாருக்குப் 'பந்தி முருகையன்' என்று ஒரு பெயர் உண்டு. வைத்தது நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கிற ஆபீஸ் எங்களுடையது. விழுப்புரத்தில் இருக்கிறது, அதற்கு மேல் பெயர் விவரம் வேண்டாம். நான் வரைவாளர், பெயர் கலைமதி. வருகிற பிளானை விதியோடு ஒப்பிட்டு, எங்கே எத்தனை மீட்டர் குறைகிறது என்று சிவப்பு மையில் குறிப்பது என் வேலை. முருகையன் சார் களத்துக்குப் போகிறவர். கட்டி முடித்த கட்டடம் பிளானில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அளந்து பார்த்து, 'இருக்கிறது' என்று அவர் எழுதினால்தான் நிறைவுச் சான்று கிடைக்கும். அது இல்லாமல் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது.

பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர். நில அளவைச் சங்கிலி பிடிக்கிற ஆளாகச் சேர்ந்து, முப்பத்து நாலு வருடத்தில் மேற்பார்வையாளர் வரைக்கும் வந்திருந்தார். வெயிலில் டேப் நீளும் என்பார். அதற்காகவே மதியம் அளந்ததை மறுநாள் காலையில் போய்த் திரும்ப அளப்பார். அரை அடி குறைந்ததற்கு ஒரு ஜவுளிக்கடைக்காரரைப் பத்து மாதம் அலையவிட்டவர். அவர் வண்டிச் சத்தம் கேட்டால் மேஸ்திரிகள் சாரத்தை விட்டு இறங்கிவிடுவார்கள். எனக்கும் அவரைக் கண்டால் கொஞ்சம் எரிச்சல்தான். நான் சரிபார்த்த பிளானை மறுபடி சரிபார்க்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும்?

அப்படிப்பட்டவர் இரண்டு வருடமாக முகூர்த்த நாள் ஒன்றைக்கூட விடாமல் லீவு போட ஆரம்பித்தார். மேஜைக் காலண்டரில் முகூர்த்த தேதிகளைச் சுழித்து வைத்திருப்பார். போவதும் வேறெங்கும் இல்லை. திண்டிவனத்திலிருந்து பாண்டி போகிற ரோட்டில், கிளியனூருக்கு முன்னால் இருக்கிற தேவயானி மகாலுக்கு மட்டும்தான். பத்திரிகை வந்ததா, பெண் வீடா, மாப்பிள்ளை வீடா, எதுவும் கணக்கில்லை. எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவரே மூன்று கல்யாணத்தில் அவரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"அந்த மகால் வத்தக்குழம்பு சாரை வசியம் பண்ணிடுச்சு" என்றேன் நான். ஆபீசே சிரித்தது. அவரும் சிரித்தார். இத்தனை பந்தி சாப்பிடுகிற மனிதர் மாதா மாதம் இளைத்துக்கொண்டே போகிறாரே என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கேலி செய்கிற வாய்க்கு அதெல்லாம் கண்ணில் படுமா?

போன ஆவணியில் என் பக்கத்து வீட்டுப் பரிமளாவின் மகளுக்கு அதே மகாலில் கல்யாணம். தாலி கட்டியது மயிலம் கோயிலில். அங்கிருந்து வேனில் மகாலுக்கு வந்து, பத்து மணிக்கு வரவேற்பு. கீழ்த்தளத்தில் சாப்பாடு, அதற்குப் பின்னால் சமையல்கூடம். மேல்தளம் முழுக்க ஏசி ஹால். ஜன்னலெல்லாம் அடைத்து, கனமான வெல்வெட் திரை போட்டிருந்தார்கள். முன்பக்கம் அகலமான படிக்கட்டு. ஹாலுக்குள் நானூறு பேருக்குக் குறையாது.

ஹாலின் பின்மூலையில், பச்சை எழுத்தில் 'அவசர வழி' என்று எரிகிற பலகைக்குக் கீழே, கதவை ஒட்டி நாற்காலி போட்டு முருகையன் சார் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஏசி ஹாலில் வியர்வை!

சும்மா விடுவேனா? நேரே போனேன். "என்ன சார், பந்தி இன்னும் போடலையா? இங்க உக்காந்துகினு தவம் பண்றீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "சாப்பிட்டியாம்மா? கீழ போய் சாப்பிட்டு, அப்பிடியே கெளம்பிடு" என்றார்.

"இருங்க சார், இப்பதான வந்தேன்." அடைத்த ஹாலில் சென்ட் வாடை தாங்காமல் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். "இத கொஞ்சம் தொறந்தா காத்தாவது வரும்."

என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் இரண்டு வளையல் உடைந்தது. இத்தனை வருடத்தில் என் பக்கத்தில் நின்றுகூடப் பேசாத மனிதர். பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தொடாதம்மா. பூட்டு இருக்குதுதான், ஆனாலும் தொடாத. இதுக்குப் பின்னாடி படி இல்ல."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிளான் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான்தான் பார்த்தேன். முன்பக்கம் ஒரு படிக்கட்டு, பின்பக்கம் ஒன்றரை மீட்டரில் இன்னொன்று. இரண்டும் இருக்கிறது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட சான்றும் ஃபைலில் இருக்கிறது.

தணிந்த குரலில் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அளக்க வந்தபோது எல்லாம் சரியாக இருந்ததாம், பின்படிக்கட்டைத் தவிர. அஸ்திவாரம் மட்டும் போட்டிருந்தார்கள். கம்பி நின்றது. முடியாது என்று திரும்பிவிட்டார். மறுநாள் மகால் ஓனர் ஜெகதீசன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். பச்சமுத்து என்று, பெருமுக்கல் பக்கம் மல்லாட்டைப் பயிர் வைக்கிற விவசாயி, முருகையன் சாருக்கு ஊர் முறையில் பங்காளி வேண்டும். நாலு நாளில் மகளுக்கு இதே மகாலில் கல்யாணம், சான்று இல்லாததால் மகாலுக்குக் கரண்ட் இல்லை. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார்.

"இரும்புப் படி வெல்டிங் பட்டறையில ரெடியா கெடக்குது, வியாழக்கெழம மாட்டிடுவோம்னு ஜெகதீசன் சொன்னாம்மா. ஒரு பொண்ணு கல்யாணத்த நான் நிறுத்தணுமா? எழுதிக் குடுத்துட்டேன். ஒரு டீகூட நான் குடிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் ஏது? வெல்டரு ஊருக்குப் போயிட்டாரு, இரும்பு வரல, இன்னிக்கி நாளிக்கின்னான். கடைசியா போய்க் கத்தினேன். 'படி இருக்குதுன்னு நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க'ன்னு சிரிச்சிக்கினே கேக்கறான். என்னா பண்ணுவேன்? அதான் கல்யாணம் நடக்கறன்னிக்கெல்லாம் வந்து கதவாண்ட உக்காந்துக்கினு இருக்கேன். ஒண்ணு ஆச்சுன்னா ஜனங்க இந்தப் பலகையப் பாத்துதான ஓடி வரும்? பூட்டியிருந்தா நசுங்கிச் சாவும். ஒடச்சிக்கினு போனா கீழ கம்பி மேல விழும். வீட்ல என் சம்சாரம் அம்சாகிட்ட கூட சொல்லல. பேஜாரா இருக்குதும்மா. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பதினோரு மாசம்."

திரும்பி ஹாலைப் பார்த்தேன். மேடையில் பரிமளாவின் மகள், போட்டோகிராபர் சொன்னபடி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நானூறு பேர். ஒரே படிக்கட்டு.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? உடனே கீழே எல்லாரையும் இறக்குங்கள் என்று சொல்லவில்லை. "சார், யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க. பதினோரு மாசம்தான. எல்லாம் நல்லபடியா போயிடும்" என்றேன். பிளானைச் சரிபார்த்தவள் நான், விசாரணை வந்தால் என் பெயரும் வருமே என்கிற பயம்தான். வேறொன்றும் இல்லை. சொல்லிவிட்டு பந்திக்குக்கூடப் போகாமல் அவர் பக்கத்திலேயே நின்றேன். போகக் கால் வரவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். கீழே சமையல்கூடத்தில் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மேலே எங்களுக்குத் தெரிந்தது முதலில் நாற்றம், பிறகு ஏசி ஓட்டை வழியாகவும் முன்படிக்கட்டு வழியாகவும் ஏறி வந்த கரும்புகை. யாரோ மெயினை நிறுத்திவிட்டார்கள். திரை போட்ட ஹால் இருட்டிவிட்டது. எரிந்துகொண்டிருந்தது பேட்டரியில் ஓடுகிற அந்தப் பச்சைப் பலகை ஒன்றுதான்.

நானூறு பேரும் அதைப் பார்த்துத் திரும்பினார்கள்.

அந்தக் கூட்டம் வந்த வேகத்தை என்னால் சொல்ல முடியவில்லை. நாற்காலிகள் சரிந்தன. குழந்தைகள் வீறிட்டன. முருகையன் சார் எழுந்து கதவில் முதுகைச் சாய்த்துக் கையை விரித்து நின்றார். "படி இல்ல! இந்தப் பக்கம் படி இல்ல! முன்னாடி போங்க!" என்று கத்தினார்.

யார் நம்புவார்கள்? தலைக்கு மேலே பலகை 'அவசர வழி' என்று சொல்கிறது. "வழிய விடுய்யா!" என்று ஒருவர் அவர் கன்னத்தில் அறைந்தார். இன்னொருவர் இரும்பு நாற்காலியைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டார். குறி தவறி அவர் தோளில் விழுந்தது. விதிப்படி அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். பூட்டு போனால் முதல் வரிசை அப்படியே கீழே போய்விடும். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

இரண்டாவது தடவை நாற்காலி ஓங்கியபோது அவர் வேறு மாதிரி கத்தினார்.

"நான்தான்யா ஆபீசரு! நான்தான் இந்த மண்டபத்துக்குக் கையெழுத்துப் போட்டவன்! படி இருக்குதுன்னு நான் பொய் எழுதிட்டேன்! கீழ கம்பிதான் இருக்குது! செத்துடுவீங்க!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. படி இல்லை என்று சொன்னபோது நம்பாத ஜனங்கள், நான் பொய் எழுதினேன் என்று சொன்னதும் நம்பினார்கள். முன்வரிசை பின்னால் தள்ளியது. "முன்னாடி, முன்னாடி" என்று குரல் ஹால் முழுக்கப் பரவியது. யாரோ திரைகளைப் பிய்த்தெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். கீழே ஈரச் சாக்கைப் போட்டு எண்ணெயை அணைத்துவிட்டிருந்தார்கள். புகையோடு புகையாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் முன்படிக்கட்டில் இறங்கினார்கள். இரண்டு பேருக்கு மயக்கம், ஒரு பாட்டிக்குக் காலில் அடி. உயிர்ச்சேதம் இல்லை.

புகை அடங்கியதும் பரிமளாவும் அவள் சொந்தக்காரர்கள் நாலைந்து பேரும் மேலே வந்து, மேனேஜரிடம் சாவி வாங்கிக் கதவைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தது. வெயிலில் கண் கூசியது. பதினாறு அடிக்குக் கீழே, பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில், துருப்பிடித்த கம்பிகள் நெஞ்சுயரத்துக்கு நெட்டுக்குத்தாக நின்றன. பரிமளா எட்டிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கலை, நீயும் அந்த ஆபீசுதான? உனக்குத் தெரியுமா இது?"

"எனக்குத் தெரியாது பரிமளா" என்றேன்.

முருகையன் சார் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உதட்டில் ரத்தம். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பரிமளா பக்கம் திரும்பினார்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். "அவங்க கல்யாணத்துக்கு வந்தவங்க."

அவர் கத்தியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது. ஐந்தே நாளில் ஜெகதீசன் இரும்புப் படியை மாட்டிவிட்டார், அதிகாரி எழுதியதை நம்பித்தான் இருந்தேன் என்று எழுதியும் கொடுத்தார். விசாரணையில் என்னிடமும் ஒரு தாள் வந்தது. படி இல்லாத விவரம் தங்களுக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முருகையன் சார் இப்போது காலை ஏழு மணி வரைக்கும் தூங்குகிறார் என்று அம்சா அக்கா போனில் சொன்னார். பரிமளா வழக்கம்போல் வந்து தயிருக்கு உறைமோர் வாங்கிப் போகிறாள், மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சந்தோஷமாகச் சொல்கிறாள். கிண்ணத்தை நீட்டும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை. அந்தப் பத்து நிமிடமும் அவள் மகள் மேடையில் நின்றுகொண்டிருந்தாள், எனக்குத் தெரிந்திருந்தது.