இமயத்துப் பனிக்கு மிருதங்கம் எதற்கு?

இன்று மாட்டுங்காவில் ஒரு கச்சேரி ரத்தத்தில் முடிந்தது.

யுத்தத்துக்காக, வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலெல்லாம் கறுப்புக் காகிதம், கூடம் புழுங்கியது. பாகவதர், இமயத்துப் பனியைப் பற்றித் தானே இயற்றிய நாலு வரிக் கீர்த்தனையை மெல்ல எடுத்தார். மிருதங்கக்காரர் அதற்கும் இடியாய் முழக்கினார்.

பாகவதர் பாட்டை நிறுத்தினார். "ஓய், பனி விழறச்சே சத்தம் வருமா? கையைக் கட்டிண்டு உட்காரும்!"

"அதுக்கா என்னை டோம்பிவிலியிலேர்ந்து வரவழைச்சீர்?"

கேட்டபடியே மிருதங்கக்காரர் விட்ட குத்தில் பாகவதரின் உதடு கிழிந்தது. பாகவதர் அவர் குடுமியைப் பிடித்து மேடையிலிருந்து உருட்டிவிட்டார். ரசிகர்களும் இரண்டு கட்சியாகி அடித்துக்கொண்டார்கள்.

கச்சேரியை ஏற்பாடு செய்த நான், சோடாக் கடையில் ஐஸ் வாங்கி வந்து பாகவதரின் உதட்டில் வைத்தேன். "ஐயோ, எரியறதே!" என்று அலறினார்.

அவருடைய கீர்த்தனையில் பனி சந்தனமாய்க் குளிர்ந்தது.

பனியை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், அது சத்தம் போடுமா, குளிருமா, எரியுமா என்று உடனே சொல்லுங்கள். ஞாயிறன்று அதே பாட்டு, அதே மிருதங்கம்.