மாதத்தை முதலில் கேட்ட இயந்திரம்

காலையில் விசையைப் போட்டதும் அந்தக் கணிப்பொறி முதலில் என்னிடம் தேதி கேட்கும். கருந்திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வரும். அதன் முனையில் சிறு கோடு ஒன்று மின்னி மின்னி நிற்கும். மாதத்தை முதலில் தட்ட வேண்டும், பிறகு நாள், கடைசியில் ஆண்டு. பதில் சொல்லாமல் வெறுமனே பொத்தானை அழுத்தினால் அது கோபித்துக்கொள்ளாது. அன்று எண்பதாம் ஆண்டு ஜனவரி முதல் தேதி என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் ஒரே பகலில் மூன்று தடவைகூடக் கேட்கும். நானும் சலிக்காமல் சொல்வேன். மனிதர்களிடம் வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது பிடித்திருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் புரோகிராமர் சாரும் கூடவே நினைவுக்கு வந்துவிடுவார்.

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு அங்கே பழகப் போனவள், பழகி முடித்ததும் அங்கேயே வேலைக்கு இருந்துவிட்டேன். முதலாளி திருமலைராயன்பட்டினத்துக்காரர். எண்பதுகளின் பின்பாதியில் அவர் பின்னறையைத் தடுத்து, குளிர்சாதனம் பொருத்தி, ஒரு கணிப்பொறியை வாங்கி வைத்தார். அதற்கு நிரல் எழுதக் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர்தான் புரோகிராமர் சார். என் வயதுதான் இருக்கும். ஃபிளாப்பி வட்டுகளைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி, தூசு படாமல் மூடியை இறுக்கி வைத்திருப்பார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் யாரும் உள்ளே வரலாம். கணிப்பொறியிடம் மட்டும் மரியாதையாகப் பேசுவார். அது மெதுவாக ஓடும்போது, “கொஞ்சம் வேகமா வாங்க, ஆளுங்க காத்திருக்காங்க” என்பார். எங்களைப் போன்ற டைப்பிஸ்டுகளிடம் வா, போ, கொடு என்பதோடு சரி. வேலையில் ஏதாவது பிசகினால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “மெஷின் கேட்டதத்தான் குடுக்கும். நீ என்ன கேட்டன்னு பாரு.”

எங்களிடம் வந்த படிவங்களில் தேதிகள் ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் சாய்கோடு போடுவார், ஒருவர் மாதத்தைப் பெயர் சொல்லி எழுதுவார். பெரியவர்களின் பழைய பிரெஞ்சுப் பதிவு நகல் எப்போதாவது வந்தால், அதில் நாள், மாதம், ஆண்டு எல்லாமே எழுத்தாலேயே எழுதியிருக்கும். மாற்றிப் படிக்க வழியில்லை என்று சார் அதை மட்டும் மெச்சிக்கொள்வார். எப்படி எழுதினாலும் நம் ஊரில் நாளைத்தான் முதலில் எழுதுவோம். கணிப்பொறியோ அமெரிக்கப் பழக்கத்தில் மாதத்தை முதலில் எதிர்பார்க்கும். அதனால் நாங்கள் படிவங்களைப் பதியும் நிரலின் தலையில், நாளை முதலில் எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தார். காலையில் மாதத்தை முதலில் தட்டும் நான், அடுத்த நிமிஷத்திலிருந்து நாளை முதலில் தட்டுவேன். “காலையில ஒரு நிமிஷம் அமெரிக்காக்காரி, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் காரைக்கால்காரி” என்று என்னைக் கேலி செய்வார்.

எண்பத்தேழாம் ஆண்டு ஒரு அறக்கட்டளை மருத்துவமனை, செவிலியர் பயிற்சிக்குப் பெண்களிடம் விண்ணப்பம் கேட்டிருந்தது. பத்தாம் வகுப்பு போதும். ஜூலை முதல் தேதியன்று வயது பதினேழு முடிந்திருக்க வேண்டும், இருபத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அதாவது அறுபத்திரண்டு ஜூலை ஒன்று முதல் எழுபது ஜூலை ஒன்று வரை பிறந்தவர்கள். விண்ணப்பங்களைக் கணிப்பொறியில் ஏற்றி, வயது சரியாக உள்ளவர்களை மட்டும் பிரித்து, நேர்காணல் உறைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது எங்கள் வேலை. முந்நூற்றுச் சொச்சம் படிவங்கள். அவற்றில் ஒன்று என்னுடையது. நான் பிறந்தது அறுபத்திரண்டு மார்ச் நான்கு. எல்லைக்கு நான்கு மாதம் வெளியே. “இருபத்தஞ்சுதானடி ஆவுது, போட்டு வை” என்று அம்மா சொன்னதால் போட்டேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அப்பா படுக்கையில் இருந்த காலத்தில் மருத்துவமனைச் செவிலியர்கள் நடந்துபோவதைப் பார்த்தே நான் அதற்கு ஆசைப்பட்டிருந்தேன். அவர்கள் யாரிடமும் கூச்சப்படவில்லை. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டால் எனக்கும் கூச்சம் போய்விடும் என்று நம்பினேன். அதற்குப் பிறகு எந்த ஆண்டிலும் எனக்கு வயது குறையப் போவதில்லை.

படிவம் கொடுக்க வந்தவர்களில் அம்பகரத்தூர்ப் பெண் ஒருத்தி நன்றாக நினைவிருக்கிறது. காலையில் கொடுத்துவிட்டுப் போனவள், அன்று பிற்பகலே வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தாள். பிறந்த தேதி எழுதும் கட்டத்தை விட்டுவிட்டதாக வீட்டுக்குப் போன பிறகு ஞாபகம் வந்ததாம். அதற்காக மறுபடி பேருந்தேறி வந்திருந்தாள். என் பேனாவை வாங்கி என் மேசையிலேயே எழுதினாள்: எழுபது மே இருபது. “இப்ப எல்லாம் சரியா இருக்காக்கா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் போனாள்.

பட்டியல் அச்சாகி வந்தது ஒரு முற்பகலில். வரிசை எண், பெயர், முகவரி, அவ்வளவுதான். தேதி அதில் இல்லை. ஓரத்தில் துளையிட்ட அந்த நீளக் காகிதத்தை எடுத்ததும் என் எண்ணைத்தான் முதலில் தேடினேன். இருந்தது. மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தேன். மருத்துவமனையில் வயதைக் கொஞ்சம் தளர்த்தியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெட்டியைத் திறந்து, நேர்காணலுக்குக் கட்டிப்போக ஒரு சேலையை எடுத்து வெயிலில் போட்டார்.

பிற்பகலில் உறைகளைத் தட்டச்சு செய்யும்போது அம்பகரத்தூர் என்ற ஊரை எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். வரவில்லை. அவளுடைய எண்ணுக்கு முந்தியது இருந்தது, பிந்தியது இருந்தது, அது மட்டும் இல்லை. வயதைத் தளர்த்தி என்னைச் சேர்த்தவர்கள், பதினேழு முடிந்த அவளை ஏன் தள்ள வேண்டும்? தட்டச்சை நிறுத்திவிட்டு, பட்டியலில் விடுபட்டவர்களின் படிவங்களைக் கட்டிலிருந்து உருவினேன். வயது உண்மையிலேயே சரியில்லாதவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சமிருந்த எல்லாரும் எழுபதாம் ஆண்டின் முதல் பாதியில் பிறந்தவர்கள். ஜனவரி முதல் வாரத்தில் பிறந்த ஒருத்தி பட்டியலில் இருந்தாள். அதே மாதம் பத்தாம் தேதி பிறந்தவள் இல்லை. பிறகு பட்டியலில் என்னைப் போல் அத்துமீறி வந்தவர்களைத் தேடினேன். அறுபத்திரண்டு ஜனவரியின் நடுவிலிருந்து ஜூன் வரை பிறந்தவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். இரண்டு பக்கமும் ஜூலையில் இருக்க வேண்டிய வேலியை யாரோ பிடுங்கி ஜனவரியில் நட்டது போலிருந்தது. ஜூலை ஒன்றை எண்ணால் எழுதிப் பார்த்தேன். ஒன்று, ஏழு. காலையில் அந்த இயந்திரம் என்னிடம் கேட்கும் விதத்தில் அதையே படித்தேன். ஜனவரி ஏழு.

அது புரிந்த பிறகும் சிறிது நேரம் நான் எழுந்திருக்கவில்லை. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முதலாளி நான்கு மணிக்கு உறைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் சேலை வெயிலில் கிடந்தது. ஆனால் அந்தப் பெண் என் மேசையில் குனிந்து, என் பேனாவால் எழுதியிருந்தாள். சரியாக இருக்கிறது என்று நானே சொல்லி அனுப்பியிருந்தேன். பட்டியலையும் படிவங்களையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போய் நின்றேன்.

“சார், இதுல என் பேரு இருக்கு.”

“அப்ப சாக்லேட் வாங்கிக் குடு” என்றார், திரும்பாமலே.

“இருக்கக் கூடாது சார்.”

திரும்பினார். மெஷின் பிழை என்று எதுவும் சொல்லவில்லையே என்றார். மருத்துவமனைக்காரர்கள் கொடுத்த தேதியைத்தான் தட்டியதாகச் சொன்னார். நான் படிவங்களை இரண்டு கட்டாக அவர் முன்னால் வைத்து, ஜூலை ஒன்றை அது காலையில் நம்மிடம் கேட்கிற மாதிரிப் படித்திருக்குமோ என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அதுவரை யாரிடமும் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவர் பட்டியல் எடுக்கும் நிரலைத் திறந்தார். பதியும் நிரல் வேறு, இது வேறு. நாளை முதலில் எடுத்துக்கொள் என்று அதன் தலையில் எழுதியிருந்த அந்த ஒரு வரி இதன் தலையில் இல்லை. அந்த வரி இருந்திருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடித் திரையில் விரலை வைத்தார்.

“பதிமூணாந் தேதி, பதினாலாந் தேதின்னு இருந்திருந்தா, பதிமூணாவது மாசம் ஏதுன்னு அது கத்தியிருக்கும். இது எந்தப் பக்கம் படிச்சாலும் ஒரு நாள்தான். எப்படிக் கத்தும்?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க சொல்றது சரிங்க” என்றார்.

கணிப்பொறியைத் தவிர வேறு யாரிடமும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

முதலாளி வந்தபோது, என்ன ஆயிற்று என்று அவர் கேட்பதற்கு முன்பே தப்பு என்னுடையது என்று சார் சொல்லிவிட்டார். சொன்ன நேரத்துக்கு உறைகள் போகாவிட்டால் அடுத்த வேலை வராது என்ற கவலை முதலாளிக்கு. கூடுதலாகச் சிலர் போனால் அங்கேயே சர்டிபிகேட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இருக்கட்டுமே என்றார். சார் அசையவில்லை. “வந்தவங்களத் திருப்பி அனுப்பலாம் பாய். கூப்புடாதவங்கள யாரு போயித் தேடுறது?” முதலாளி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்ஷா அல்லாஹ், நாளைக்குக் காலையிலயாவது குடுத்துடுவோம்” என்று சொல்லிவிட்டு, தொலைபேசியில் தவணை கேட்கப் போனார்.

அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, பட்டியலை மறுபடி எடுக்கும் முன் சார் பொத்தானில் விரலை வைத்தபடி என்னைக் கேட்டார். “உங்க பேர மட்டும் கையால சேத்துடவாங்க? நீங்கதான இதக் கண்டுபுடிச்சீங்க.” அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்றியாகத்தான் சொன்னார். “வேணாம் சார். எனக்கு வயசு நாலு மாசம் கூடத்தான்” என்றேன். அவர் பொத்தானை அழுத்தினார். அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடத் தொடங்கியது. என் எண் இருந்த இடத்தைத் தாண்டிக் காகிதம் மேலே போவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்பகரத்தூர் உறையை அன்று மாலையே தட்டச்சு செய்தேன்.

வீட்டில் அம்மா சேலையை மடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், “மெஷினே குடுத்துச்சுங்குற. அதப் போயி நீயாடி வேணாங்குற?” என்று கேட்டவர், மூன்று நாள் சாப்பிட வா என்பதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது, பக்கத்து வீட்டம்மாவிடம் என்னைக் காட்டி, “கம்ப்யூட்டருக்கே தப்புக் கண்டுபுடிச்சி, வந்த வேலையத் தொலச்சிட்டு நிக்கிற மவராசி” என்றார். திட்டுகிறாரா பெருமைப்படுகிறாரா என்று அந்தம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு எந்தப் பட்டியலும் என் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. எல்லையின் முதல் நாளில் வருகிறவர், கடைசி நாளில் வருகிறவர், அவர்களுக்கு ஒரு நாள் முன்னும் பின்னும் நிற்கிறவர் என்று நான்கு பேரைத் தேடி எடுத்துப் பார்ப்பேன். “எல்லைச்சாமியக் கூப்புடுங்க” என்பார் சார். வேதக்காரப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர் அது. இரண்டு ஆண்டுகளில் அவர் சென்னைக்குப் போய்விட்டார். போகும்போது பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அம்பகரத்தூர்ப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. கூச்சம்தான். அழைப்பு அவள் வீட்டுக்குப் போனது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்போது முதலாளியின் மகன் நடத்தும் அலுவலகத்தில் அதே வேலையில் இருக்கிறேன். நிரல்களை எழுதுகிறவர்கள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். பிழைகள் மட்டும் பழைய உறவினர்கள் போல வந்துகொண்டிருக்கின்றன. ஒரு நிரல் எண்ணும் கோடுமாக அனுப்பிய தேதியை இன்னொன்று நாள் மாதம் மாற்றிப் படிக்கிறது. கடைசி நாள் வரை கொடு என்றால் வேறொரு நிரல், அந்த நாள் பிறக்கும் நள்ளிரவோடு நின்றுகொண்டு, அன்று பகலில் நடந்ததையெல்லாம் விட்டுவிடுகிறது. அதையும் பிடித்திருக்கிறேன்.

இன்றைய கணிப்பொறிகள் எதுவும் காலையில் என்னிடம் தேதி கேட்பதில்லை, அவற்றுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் புதிதாக ஒரு நிரல் சோதனைக்கு வந்தால் நானாகவே இரண்டு தேதிகளைச் சொல்கிறேன். எழுபது மே இருபது. அறுபத்திரண்டு மார்ச் நான்கு. எல்லையாக அந்தப் பழைய ஜூலை ஒன்றுகளைக் கொடுத்துவிட்டுப் பட்டியலைக் கேட்கிறேன். அவள் உள்ளே வர வேண்டும், நான் வெளியே நிற்க வேண்டும். அப்படி வந்தால்தான் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிறேன்.