துவைத்த அட்டை

துறைமுகத்தில் புகைக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். இத்தனைக்கும் மனுஷன் பீடியைக் கையால் தொட்டதில்லை. துறைமுகக் கண்காணிப்பு மாடத்தில் ஏறி நின்று, வரும் கப்பலின் புகைபோக்கிக்கு நேராக ஓர் அட்டையைப் பிடிப்பார். அட்டையில் ஐந்து கட்டங்கள். முதல் கட்டம் வெளிர் சாம்பல், ஐந்தாவது கன்னங்கரேல். புகை எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணை எழுதுவார். மூன்றைத் தொட்டால் கப்பல் உள்ளே வரக்கூடாது. இருபத்தாறு வருஷத்தில் அட்டையில் பார்க்காத எண்ணை அவர் எழுதியதில்லை. பெருமை என்று சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்த வாரம் வந்த கப்பலெல்லாம் ஐந்து வாங்கின. பஞ்சு மாதிரிப் புகைவிட்டு வந்த ஒன்றுகூட நான்கு. ஒன்பது கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு, சும்மா நிற்க முடியாமல் எஞ்சினை ஓட்டி ஓட்டி ஊரெல்லாம் கரியாக்கின. மாசைப் பிடிப்பதில் புலி என்று துறைமுக அதிகாரிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வேறு.

வீட்டில் மனைவி ஒரே போர்வையை மூன்றாம் தடவை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்தக் கரி என்ன தேய்ச்சாலும் போகமாட்டேங்குது. உங்க அட்டையில இருந்த கறுப்பு மட்டும் எப்படித்தான் போச்சோ!"

புகைக்காரர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"எந்த அட்டை?"

"போன ஞாயித்துக்கிழமை சட்டையோட சேத்து ஊறவெச்சுட்டேன். காயவெச்சு, இஸ்திரி போட்டு, பையிலயே திரும்ப வெச்சேனே. பாக்கலையா?"

"பாக்கறதுதாண்டி என் வேலையே!"

"நல்லா பாத்தீங்க, போங்க."

காலையில் அதிகாரி முன்னால் போய் நின்றார். "ஐயா, அட்டை வெளுத்துப்போச்சு. வெளுத்த கட்டத்தோட வெச்சுப் பார்த்தா எந்தப் புகையும் கறுப்பாத்தான் தெரியும். இந்த வாரம் எழுதினது அத்தனையும் தப்பு."

அதிகாரி பாராட்டுக் கடிதத்தை மெதுவாக மேசைக்குள் தள்ளினார். "இந்த வருஷத்துப் புது அட்டையை ஏற்கெனவே அனுப்பிட்டாங்களேய்யா. கப்பல்ல வருது."

"எந்தக் கப்பல்ல?"

அதிகாரி ஜன்னலைக் காட்டினார். வெளியே ஒன்பதாவதாக நின்றது.

"அதுக்கு மட்டும் ரெண்டுன்னு எழுதிடு."

"அட்டையில நாலு தெரியுதுங்க."

"அட்டையே தப்புன்னு நீதானேய்யா சொன்னே!"

"அட்டை தப்புதான். அதுக்காக நானும் தெரிஞ்சே தப்பா எழுதணுமா?"

அதிகாரி தலையில் கைவைத்தார். புகைக்காரர் வயர்லெஸ்ஸை எடுத்துக் கப்பல் கேப்டனைக் கூப்பிட்டு, எஞ்சினை மொத்தமாக அணைக்கச் சொன்னார். கேப்டன் கத்தித் தீர்த்துவிட்டு அணைத்தார். புகையே இல்லை. எந்த அட்டையை வைத்துப் பார்த்தாலும் பூஜ்யம். முத்து முத்தாகப் பூஜ்யம் போட்டார்.

எஞ்சின் ஓடாத கப்பலைத் துறைமுகத்தின் இழுவைப் படகு முக்கி முனகி இழுத்து வந்தது. அது விட்ட புகையில் பின்னால் வந்த கப்பலே கண்ணுக்குத் தெரியவில்லை.

புது அட்டை கைக்கு வந்ததும், பழக்கதோஷத்தில் எதிரே நின்றதற்கு நேராகப் பிடித்தார். ஐந்து. சந்தேகத்துக்கே இடமில்லை.

"நம்ம படகுய்யா அது!" என்று அதிகாரி கத்துவதற்குள் எழுதிவிட்டார்.

மற்ற எட்டுக் கப்பல்களும் ஒன்று, இரண்டு என்று வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் உள்ளே வந்தன. துறைமுகத்தின் சொந்தப் படகு மட்டும் வெளியே போய் நின்றது.

இப்போதெல்லாம் வீட்டில் அவர் சட்டையைக் கழற்றினால், மனைவி வாளியோடு வருவதற்குள் பையை மூன்று தடவை தடவிப் பார்த்துவிடுகிறார்.