காளான் பாட்டிலும் காவல் எலுமிச்சையும்

சும்மா இருப்பது என்பது பழங்காநத்தம் தமிழ்ச்செல்வியின் ஜாதகத்திலேயே கிடையாது. மொட்டை மாடியில் காடை வளர்த்தாள்; பூனை தின்று தீர்த்தது. சேலைக்கு ஓரம் அடித்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் காளான் வந்து வாய்த்தது. பயிற்சிக்குப் போய்வந்த கையோடு பின்னறையைக் காலி செய்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் ஜெயபாண்டி, தன் காக்கிச் சட்டையை மட்டும் எப்படியோ மீட்டுக்கொண்டார்.

காளானுக்கு முதலில் வித்து வேண்டும். வெந்த சோளத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, குக்கரில் அவித்து ஆறவைத்து, ஏற்கெனவே காளான் நூல் படர்ந்த தாய்வித்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி மூடினால், சோளமெல்லாம் வெள்ளை நூலாகப் படரும். பாட்டில்களைத் தேடிச் சேர்த்துக் கொடுத்தவள் மாடிவீட்டு அப்சானா. சிம்மக்கல்லில் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். இரண்டு பேரும் துணி காயப்போடும்போது பேச ஆரம்பித்தால், துணி காய்ந்த பிறகுதான் நிறுத்துவார்கள்.

முதல் பாட்டில்களில் வெள்ளை ஓடியதும் அப்சானாவைத்தான் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மாஷா அல்லாஹ், எம்புட்டு அழகா இருக்குக்கா."

அந்த வாரமே பாட்டிலெல்லாம் பச்சைப் பூஞ்சை. சோளத்தில் தண்ணீர் சரியாக வடியவில்லை, குக்கரையும் அவசரப்பட்டு இறக்கிவிட்டாள். ஆனால் தன் கைத்தப்பை யார் ஒத்துக்கொள்வார்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்! ஓர் எலுமிச்சையை வாசலில் கட்டினாள். அடுத்த தடவையும் பச்சை. எலுமிச்சைகளை அறுத்து, குங்குமம் தடவி, அலமாரியின் தட்டுக்குத் தட்டு மூலையில் வைத்தாள். அதற்கடுத்த தடவை பச்சை இன்னும் சீக்கிரமாக வந்தது.

அப்சானா மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டாலே தமிழ்ச்செல்வி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்சானாவும் வருவதை நிறுத்திக்கொண்டாள். பகலெல்லாம் பேச ஆளில்லாமல் தமிழ்ச்செல்விக்குப் பைத்தியமே பிடித்துவிடும்போல் இருந்தது. டிவியோடு பேசிப் பார்த்தாள். அப்சானாவைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, கூப்பிடவும் வீம்பு விடவில்லை.

ஒருநாள், கெட்டுப்போன பாட்டில்களை எடுத்துப்போட ஜெயபாண்டி பின்னறைக்குள் போனார். மேல்தட்டில் கையை விட்டவரின் விரல், மூலையில் கிடந்த பழைய எலுமிச்சைக்குள் பொதுக்கென்று இறங்கியது. குப்பென்று பச்சைத் தூள் கிளம்பியது. தொடர்ந்து தும்மினார்.

"ஏய் தமிழு, இங்க வா. ஒன் காவக்காரனப் பாரு, அவனுக்கே பூஞ்சை புடிச்சுக் கெடக்கு."

"அது திருஷ்டிக்கு வச்சது. அதைப் போயி ஏன் தொட்டீங்க?"

"திருஷ்டி இருக்கட்டும். இந்த அறையில அழுகின பழம் வைக்கலாமாடி?"

அழுகிய பழம், காய் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதனால் வீட்டுக்கு வாழைப்பழம் வாங்குவதையே நிறுத்தியிருந்தாள் மகராசி! எலுமிச்சையைப் பழம் என்று அவள் நினைத்ததே இல்லை. அது சாமி சமாச்சாரம்.

கெட்ட பாட்டில்களைத் திறக்காமல் அப்படியே குக்கரில் அவித்துக் கொட்டினாள். எலுமிச்சை அத்தனையையும் பையில் கட்டி வெளியே எறிந்தாள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்து அலமாரியைத் தேய்த்தாள். சோளத்தை உலர்த்தி, பொறுமையாக அவித்து, மறுபடி வித்துப் போட்டாள். இந்தத் தடவை வெள்ளை ஓடியது, கடைசிவரை வெள்ளையாகவே நின்றது. பார்க்கப் பார்க்கச் சந்தோஷத்துக்குப் பதில் வெட்கமும் அழுகையும்தான் வந்தன. விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

கதவைத் திறந்த அப்சானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டிலு கெட்டதுக்கு ஒன் கண்ணுதான் காரணம்னு நெனச்சுட்டேன், அப்சானா. என் கைத்தப்பும் நான் வச்ச எலுமிச்சையும்தான் கெடுத்திருக்கு. என்னை நாலு வார்த்தை திட்டிரு."

"தெரியும்க்கா. தாப்பா போடுற சத்தம் கேக்குமே."

"அப்பவே சண்டைக்கு வந்திருக்கலாம்ல?"

"எப்படி வருவேன்? கண்ணு படக்கூடாதுன்னு மாஷா அல்லாஹ் சொல்லித்தானே பாத்தேன், அதுக்கும் மீறிப் பட்டிருச்சோன்னு எனக்கே பயமாயிருச்சு. தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்திருக்கு. இன்னும் நான் போயி பாக்கல."

பாட்டில் போனால் இன்னொரு பாட்டில் கிடைக்கும். இந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

"கெளம்பு" என்றாள்.

"எங்கக்கா?"

"சிம்மக்கல்லுக்கு. ஒங்க அண்ணன் கீழ ஆட்டோவோட நிக்கிறாரு."

பிறந்த வீட்டுக்குப் போன பிறகும் அப்சானா கதவோரமே ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தமிழ்ச்செல்வி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தங்கச்சி கையிலிருந்து வாங்கி, அப்சானாவைப் பிடித்து உட்காரவைத்து, அவள் மடியில் கிடத்தினாள்.

"பாரு புள்ள. கண்ணு நெறையப் பாரு."

அப்சானா மெல்லக் குனிந்து பார்த்தாள்.